முழுதாக எடுப்பதா, கட்டியை மட்டுமா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் எழுத்தை நான்கைந்து வருடமாக வாசிக்கிறேன். எனக்கு 46 வயது. போன மாதம் குளிக்கும்போது இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டது. பயாப்சியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. ஒரே கட்டி, இரண்டு சென்டிமீட்டருக்குள்தான். அதை மட்டும் எடுத்துவிட்டு கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கலாம், இல்லையென்றால் மார்பை முழுதாக எடுத்துவிடலாம், உங்களுக்கு இரண்டுமே சரிவரும், இரண்டு வாரம் யோசித்துச் சொல்லுங்கள் என்கிறார் டாக்டர். வீட்டில் எல்லோரும் 'இந்த வயசுக்கு மேல அது எதுக்கு, எடுத்துத் தலைமுழுகு' என்கிறார்கள். கணவர் வாயே திறப்பதில்லை. எனக்கு எடுக்க மனசில்லை. இப்படி நினைப்பது பேராசையோ என்று ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. நீங்கள் முழுதாக எடுத்துக்கொண்டவர். இன்றைக்குத் திரும்ப முடிவெடுக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்?

பெயர் வேண்டாம்.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

பேராசை என்ற சொல்லை முதலில் தூக்கி வெளியே போடுங்கள். தன் உடம்பின் ஓர் உறுப்பு தன்னோடு இருக்க வேண்டும் என்று நினைப்பதற்குப் பேராசை என்று பெயர் கிடையாது. 46 வயதிலும் கிடையாது, 76 வயதிலும் கிடையாது.

வீட்டில் சொல்கிறவர்கள் உங்கள் உயிருக்குப் பயந்துதான் சொல்கிறார்கள். அதிகமாக வெட்டினால் அதிகப் பாதுகாப்பு என்று மருத்துவர்களே நூறு வருடத்துக்குப் பக்கமாக நம்பியிருந்தார்கள். ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1880களில் தொடங்கிவைத்த முறையில் மார்போடு அதன் அடியிலுள்ள நெஞ்சுத் தசையையும் அக்குள் நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) சேர்த்தே எடுத்துவிடுவார்கள். அவ்வளவும் வேண்டுமா என்று 1970களில்தான் முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர், இத்தாலியின் மிலானில் உம்பர்ட்டோ வெரோனெசி. இருவரும் 20 வருடம் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2002இல் முடிவைச் சொன்னார்கள். கட்டியை எடுத்துவிட்டு கரண்ட் வைத்துக்கொண்டவர்களும் முழுதாக எடுத்துக்கொண்டவர்களும் ஒரே அளவு காலம்தான் உயிரோடு இருந்தார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. மிலான் கணக்கில், மார்பை வைத்துக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. முழுதாக எடுத்தவர்களில் அதே இடத்தில் திரும்பியது நூற்றுக்கு இரண்டு பேருக்கு. திரும்பினால் மறுபடி அறுவை, மறுபடி அலைச்சல். அதையும் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் 'வைத்துக்கொண்டால் செத்துப்போவாய்' என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். கட்டி பல இடங்களில் இருந்தாலோ மார்பின் அளவுக்கு மிகப் பெரிதாக இருந்தாலோ டாக்டரே இரண்டு வழி சொல்லியிருக்க மாட்டார்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

2016 டிசம்பர். எனக்கு 44 வயது, மகள் பிளஸ் டூ. எனக்கும் இதே இரண்டு வழிகளைத்தான் சொன்னார்கள். கரண்ட் வைப்பதென்றால் 25 நாள், வாரத்துக்கு ஐந்து நாள், கோவில்பட்டியை விட்டு மதுரையில் போய்த் தங்க வேண்டும். காலண்டரை வைத்துக் கணக்குப் போட்டால் நேராக அவள் பரீட்சையில் வந்து முட்டியது. முழுதாக எடுத்தால் அநேகமாக கரண்ட் தேவைப்படாது என்றார்கள். அந்த 'அநேகமாக' என் காதில் விழவேயில்லை. எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். கேட்டவர்களிடமெல்லாம் பயத்தில் எடுத்தேன் என்றுதான் சொல்லிவந்தேன். பரீட்சை அட்டவணையைப் பார்த்து எடுத்தேன் என்பதை இப்போதுதான் எழுதுகிறேன்.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. அக்குளில் எடுத்த நெறிகளில் இரண்டில் நோய் இருந்தது. கீமோ கட்டாயம், அது முடிந்ததும் கரண்டும் கட்டாயம். எதைத் தவிர்க்க மார்பைக் கொடுத்தேனோ அதுவும் வந்து சேர்ந்தது. மார்ச் மாதம், கீமோவின் சிவப்பு மருந்து ஏறிய வாரத்தில், மொட்டைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவளுக்கு தோசை சுட்டு ஹால் டிக்கெட் எடுத்தாயா என்று கேட்டு அனுப்பினேன். மாவு வாசனைக்கே குமட்டியது.

இன்றைக்குக் கேட்டால், கட்டியை மட்டும் எடுங்கள் என்பேன். இரண்டு வருடம் என்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் இருந்தது. அப்புறம் அது தணிந்தது. ரிப்போர்ட்டைப் பார்க்காமல் முடிவெடுத்தவள் நான், அன்றைக்குக் கையில் இருந்ததை வைத்து, நானே எடுத்தேன். வேறு யாராவது எனக்காக முடிவெடுத்திருந்தால் இந்தக் கோபம் அவர்கள்மேல் போயிருக்கும், இன்னும் தணிந்திருக்காது என்றே தோன்றுகிறது. அதனால்தான் உங்களிடம் இதைச் செய்யுங்கள், அதைச் செய்யுங்கள் என்று சொல்லத் தயங்குகிறேன்.

கணவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அறுவைக்குப் பிறகு ஒரு குழாய் விட்டிருப்பார்கள். அதில் இறங்கும் நீரைத் தினமும் அளந்து எழுதிவைக்க வேண்டும். என் கணவரும் அந்த நாட்களில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தினமும் காலையில் அவர்தான் எழுதினார்: 90, 70, 55, 30. பக்கத்தில் நேரமும் போட்டிருந்தார். உங்கள் வீட்டுக்காரரிடம் கருத்துக் கேட்காதீர்கள், வேலை கொடுத்துப் பாருங்கள். டாக்டர் சொல்வதை எழுதிக்கொள்ள ஒரு நோட்டோடு கூட வரச் சொல்லுங்கள்.

எந்த வழியில் போனாலும் கையைக் கவனிக்க வேண்டியிருக்கும். அக்குளில் நெறி எடுத்தால் தோள் இறுகலாம், கை வீங்கவும் செய்யலாம். விரல்களை நண்டு மாதிரி சுவரில் மேலே நடத்தும் பயிற்சி சொல்லித்தருவார்கள். விடாமல் செய்யுங்கள். சமையலறையில் மேல்தட்டுப் புளி ஜாடியை எட்ட எனக்கு ஏழு வாரம் ஆனது. எட்டிய அன்றைக்கு அதை இறக்கி, திரும்ப ஏற்றி, திரும்ப இறக்கிப் பார்த்தேன்.

அடுத்த தடவை போகும்போது டாக்டரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். கரண்ட் எத்தனை நாள்? எனக்கு 25 சொன்னார்கள், இப்போது பல இடங்களில் 15, 16 நாளில் முடிக்கிறார்கள். முழுதாக எடுத்தாலும் கரண்ட் தேவைப்பட எவ்வளவு வாய்ப்பு? பதிலில் 'அநேகமாக' வந்தால் நிறுத்தி விளக்கம் கேளுங்கள். அக்குளில், நோய் பரவினால் முதலில் போய்ச்சேரும் ஒன்றிரண்டு நெறிகளை மட்டும் எடுத்துச் சோதிக்க முடியுமா?

கட்டியை மட்டும் என்று முடிவானால், மதுரையில் தங்குவதற்கு என் அண்ணி வீட்டு மாடியறை இருக்கிறது, கேட்டுவைத்துவிட்டேன். முழுதாக என்று முடிவானால் அதையும் எழுதுங்கள். ரவிக்கைக்குள் வைக்க அம்மா எனக்குப் பழைய பருத்திப் புடவையில் ஒரு பை தைத்துக் கொடுத்தார். பஞ்சு மட்டும் வைத்தால் மேலே ஏறிவிடும், அதனால் அடியில் இரண்டு கைப்பிடி கேழ்வரகு. அந்த அளவை வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா