31ஆம் தேதி வாடகை பிப்ரவரிக்குப் பிறகு 28லேயே நின்றுவிடுகிறது. கணக்கு மென்பொருளில் மாதாமாதம் வரும் தேதிகளை எப்படிச் சேமிப்பது?

செவ்வாய்பேட்டையில் ஒரு மொத்தக் கடைக்குக் கணக்கு மென்பொருள் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். 'அடுத்த தேதி' என்று ஒரே ஒரு ஃபீல்டு. பதிவு விழுந்ததும் அதோடு ஒரு மாதம் கூட்டி வைக்கிறீர்கள். ஜனவரி 31, பிப்ரவரி 28, அப்புறம் மார்ச் 28, ஏப்ரல் 28. கிடங்குக்காரர் மாதக் கடைசி வாடகையை இரண்டு மூன்று நாள் முன்பே வாங்கிக்கொண்டு போகிறார்.

கூட்டலில் பிழை இல்லை. பிப்ரவரி 28ஓடு ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28தான். 31 என்ற எண்ணை எங்கேயும் எழுதி வைக்காததால் அது பிப்ரவரியிலேயே தொலைந்துவிட்டது, அவ்வளவுதான். அதனால் அடுத்த தேதியைச் சேமிக்காதீர்கள், பேசி முடித்ததைச் சேமியுங்கள். எந்தத் தேதியில் தொடக்கம், எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை, எதுவரை. இதுதான் 'விதி'. எட்டாவது தவணை வேண்டுமென்றால் தொடக்கத் தேதியோடு ஏழு மாதம் கூட்டுங்கள். ஏழாவது தவணையோடு ஒரு மாதம் கூட்டாதீர்கள்.

எக்செல்லில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஏ2 கட்டத்தில் 31-1-2025 போட்டு, கீழே 'மேல் கட்டத்தோடு ஒரு மாதம்' என்று ஈடேட் ஃபார்முலாவை இழுத்தால் டிசம்பர் வரை 28தான் வரும். ஏ2வை டாலர் குறி போட்டுப் பூட்டி, பக்கத்தில் 1, 2, 3 என்று எண் கொடுத்து அந்த எண்ணைக் கூட்டினால் பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30 என்று ஒழுங்காக வரும்.

எந்த மொழியில் எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜாவாவின் லோக்கல்டேட், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ்கள் எல்லாம் ஜனவரி 31ஓடு ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரிக் கடைசியில் பிடித்து நிறுத்தும். ஜாவாஸ்கிரிப்டும் பிஎச்பியும் 2025இல் மார்ச் 3க்குத் தாண்டிவிடும். காலண்டர் செயலிகள் பயன்படுத்தும் ஐகேலண்டர் விதியை (2009இல் வந்த ஆர்எஃப்சி 5545 என்ற இணையத் தர ஆவணம்) அப்படியே எடுத்துப் போட்டால் இன்னொரு கூத்து. 'மாதம் 31' என்று சொன்னால் 31 இல்லாத மாதத்தையே அது விட்டுவிடும். வருஷத்துக்கு ஏழு வாடகைதான் விழும். அந்த மாதத்தை விடுவதா, மாதக் கடைசிக்கு இழுப்பதா, அடுத்த மாதத்துக்குத் தள்ளுவதா என்று சொல்ல வசதி 2015இல், ஆர்எஃப்சி 7529இல்தான் வந்தது.

நம் ஊர்ச் சட்டம் இதை எப்போதோ தீர்த்துவிட்டது. 1881ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டத்தின் (நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட்) 23ஆம் பிரிவு, உண்டியலின் (குறித்த நாளில் பணம் கொடு என்று எழுதும் பில்) தவணை விழும் மாதத்தில் அந்தத் தேதி இல்லையென்றால் அந்த மாதத்தின் கடைசி நாளை எடுத்துக்கொள் என்கிறது. அதிலேயே உதாரணமும் உண்டு: 1878 ஆகஸ்ட் 31 தேதியிட்ட உண்டியல், மூன்று மாதத் தவணை, முதிர்வு டிசம்பர் 3. அதாவது நவம்பர் 30, அதோடு சலுகை நாள் மூன்று. ஆடிட்டர் கேட்டால் காட்ட இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

ஆனால் தொடக்கத் தேதி மட்டும் போதாது. பிப்ரவரி 28இல் ஒரு கடன் தொடங்குகிறது. தவணை மாதாமாதம் 28ஆ, மாதக் கடைசியா? தேதியைப் பார்த்து மென்பொருள் கண்டுபிடிக்க முடியாது. ஏப்ரல் 30க்கும் இதே கதை. 'மாதக் கடைசி' என்று தனியாக ஒரு டிக் வையுங்கள், கடைக்காரரே தேர்ந்தெடுக்கட்டும்.

அடுத்தது விடுமுறை. பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். 2025 ஆகஸ்ட் 31 ஞாயிற்றுக்கிழமை. தானாகவே அடுத்த வேலை நாளுக்குத் தள்ளினால் வாடகை செப்டம்பர் 1இல் விழும். செப்டம்பர் 30க்கு இன்னொன்று. ஆகஸ்டில் வாடகையே இல்லை, செப்டம்பரில் இரண்டு. கிடங்குக்காரரைக் கேட்டால் "ஞாயித்துக்கிழமை வந்தா சனிக்கிழமையே குடுத்துடுப்பா" என்பார், கதை முடிந்தது. 30ஆம் தேதி ஐந்தாவது சனி, வங்கியும் திறந்திருக்கும். 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாவது, நான்காவது சனிக்குத்தான் வங்கி விடுமுறை.

எந்தப் பக்கம் நகர்த்துவது என்பது ஒவ்வொரு கணக்குக்கும் வேறு. சட்டமே இரண்டு விதமாகச் சொல்கிறது. உண்டியலோ பிராமிசரி நோட்டோ விடுமுறை நாளில் முதிர்ந்தால் முந்தைய வேலை நாள், இது அதே செலாவணி முறிச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. அரசு அலுவலகத்தில் குறிப்பிட்ட நாளுக்குள் முடிக்க வேண்டிய வேலை என்றால், கடைசி நாளில் அலுவலகம் மூடியிருந்தால் அடுத்துத் திறக்கும் நாளில் செய்தால் போதும், இது 1897இன் ஜெனரல் கிளாசஸ் சட்டம், 10ஆம் பிரிவு. ஆகவே அடுத்த வேலை நாள், முந்தைய வேலை நாள், நகர்த்தாமல் அப்படியே, 'அடுத்த வேலை நாள், ஆனால் மாதம் தாண்டினால் முந்தைய வேலை நாள்' என்று நான்கு விருப்பங்கள் கொடுத்து, விதியோடு சேர்த்தே சேமியுங்கள். நகர்த்தி வந்த தேதியை அடுத்த கணக்குக்கு எடுக்காதீர்கள். எடுத்தால் பழையபடி நழுவல்தான்.

விடுமுறைப் பட்டியலும் ஒன்று போதாது. சேலத்தில் ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடுவார். அந்த அறிவிப்பின் கீழேயே, இது செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் பொது விடுமுறை அல்ல என்று ஒரு வரி இருக்கும். பள்ளிக்கூடம் லீவு, உண்டியல் முதிர்வுக்கு லீவு இல்லை. கடைப் பட்டியல், வங்கிப் பட்டியல் என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

வாரக் கணக்கை மாதக் கணக்கோடு கலக்காதீர்கள். ஏற்காட்டுக் காபித் தோட்டம் ஒன்றில் கூலி சனிக்கிழமைதோறும். 2025 ஜூலையில் நான்கு சனி, ஆகஸ்டில் ஐந்து. ஆள் ஒருவர்கூடக் கூடாமல் ஆகஸ்டுக் கூலி கால் பங்கு ஏறித் தெரியும். முதலாளி கூப்பிட்டு மேஸ்திரியைத் திட்டுவதற்கு முன், அறிக்கையில் எத்தனை சனி என்று ஒரு எண் போட்டுவிட்டால் புண்ணியம்.

ஆடி 1, ஆவணி 1 என்று வட்டி வாங்குகிறவர்கள், அமாவாசைக்கு அமாவாசை கணக்குத் தீர்க்கிறவர்கள் உங்கள் கடையிலும் இருப்பார்கள். தமிழ் மாதத்துக்கு 29 முதல் 32 நாள் வரை வரும், பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் கொஞ்சம் மாறவும் செய்யும். ஃபார்முலா எழுத உட்காராதீர்கள். அவர் எந்தக் காலண்டர் பார்க்கிறாரோ, அதிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை தேதிகளை டைப் செய்து போட்டுவிடுங்கள்.

ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி கணக்கை மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு 20ஆம் தேதி கெடு. ஆனால் 2025 அக்டோபர் 20 தீபாவளி, கெடுவை 25க்குத் தள்ளி அறிவித்தார்கள். இதற்காக விதியை மாற்றினால் நவம்பரும் 25 ஆகிவிடும். அந்த ஒரு தவணைக்கு மட்டும் 'அசல் தேதி அக்டோபர் 20, புதுத் தேதி 25' என்று தனி வரி வையுங்கள். டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) அப்படியில்லை. மாதாமாதம் 7ஆம் தேதி, மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30. அது நிரந்தரம், விதியிலேயே இருக்க வேண்டியது. வாடகை ஏறினாலும் பழைய விதியைத் திருத்தாமல் முடிவுத் தேதி போட்டு மூடிவிட்டுப் புதிதாக ஒன்று தொடங்குங்கள். போன வருஷத்து அறிக்கை அப்போதுதான் மாறாமல் இருக்கும்.

சின்னதாக ஒன்று. இந்தத் தேதிகளை மணியோடு சேர்த்துச் சேமிக்காதீர்கள். நம் நள்ளிரவு 12 மணி, யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் முந்தின நாள் மாலை 6.30. ஏப்ரல் 1 போட்ட பதிவு மார்ச் 31 ஆகிப் போன நிதியாண்டில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வருஷம் முழுக்க வரும் தவணைகளை முன்கூட்டியே லெட்ஜரில் எழுதி வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். வரப்போகிறவற்றைத் திரையில் கணக்கிட்டுக் காட்டுங்கள், லெட்ஜரில் நாள் வந்த பிறகு எழுதுங்கள். நான்கு நாள் கடை பூட்டிக் கிடந்து கம்ப்யூட்டரைத் திறந்தால், விட்டுப்போன தவணைகள் அதனதன் தேதியில் விழ வேண்டும், இன்றைய தேதியில் அல்ல. விதி எண்ணும் தவணை எண்ணும் சேர்ந்து ஒரு முறைதான் வரலாம் என்று டேட்டாபேஸிலேயே தடை போட்டுவிட்டால், இரண்டு தடவை ஓடினாலும் இரட்டைப் பதிவு விழாது. விட்டுப்போன தேதி ஏற்கெனவே ஜிஎஸ்டி தாக்கல் செய்து முடித்த மாதத்தில் விழுந்தால் மட்டும் தானாக எழுதாமல் நிறுத்தி, கணக்குப் பிள்ளையைக் கேளுங்கள்.