டேப்பட் சத்தம்: இந்த முறை வந்த கேள்விகள்

பைக் எஞ்சினில் டக் டக் சத்தம். டேப்பட் அடித்தால் (வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சரிசெய்தால்) சரியாகுமா?

என்ன வண்டி, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, சத்தம் குளிரிலா சூட்டிலா, ஒன்றுமே எழுதவில்லை. நான் என்ன ஜோசியமா பார்ப்பது? நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை ஹெட் கவர்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். ஒரு வால்வின் டேப்பட், கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றினால் ஒரு முறைதான் தட்டும். சிலிண்டர் பக்கம் கேட்டு, சூடானதும் அடங்கினால் பிஸ்டனைச் சந்தேகப்படுங்கள். சைலன்சர் குழாய் ஹெட்டில் சேருமிடத்தில் கேஸ்கட் கசிந்தாலும் அச்சு அசலாக டேப்பட் போலவே கேட்கும். அங்கே கரி படிந்திருக்கிறதா பாருங்கள்.

எல்லா வண்டிக்கும் பொதுவாக டேப்பட் இடைவெளிக்கு ஓர் அளவு சொல்லுங்கள்.

அப்படி ஒன்று இல்லை. சின்ன பைக்குகளில் உள்ளிழுக்கும் இன்டேக் வால்வுக்கு 0.05 முதல் 0.10 மி.மீ., புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.10 முதல் 0.15 என்று வரும். கார்களில் முறையே சுமார் 0.20, 0.30. உங்கள் எஞ்சினுக்கு மேனுவலில் போட்டிருப்பதுதான் கணக்கு. சூட்டில் பார்க்கச் சொல்லி மேனுவலே எழுதியிருந்தால் தவிர, குளிர்ந்த எஞ்சினில் மட்டும்.

மெக்கானிக் டேப்பட் அடித்தபின் சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. ஆனால் சூடானதும் ஐடிலிங் நிற்கவில்லை, இழுவையும் குறைந்துவிட்டது. கார்புரேட்டர் கோளாறா?

கார்புரேட்டரைத் தொடாதீர்கள். சத்தம் சுத்தமாக நின்றதுதான் உங்கள் கோளாறு.

இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை டப்பாவிலேயே வைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, சத்தம் அடங்கும்வரை ஸ்குரூவை இறுக்குகிற பழக்கம் எத்தனை வருடம் கத்தியும் ஒழியவில்லை. வண்டிக்காரருக்கும் சந்தோஷம், மெக்கானிக்குக்கும் நல்ல பெயர். உள்ளே நடப்பது வேறு. எஞ்சின் சூடாகும்போது வால்வின் தண்டு நீளும். அதற்குத்தான் அந்த இடைவெளி. எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் சூடாவதால் பெரும்பாலும் அதற்கு இடைவெளியும் அதிகம். இடம் விடாமல் இறுக்கிவிட்டால் வால்வு, மூடும்போது படியவேண்டிய வளையமான சீட்டில் முழுதாக உட்காராது. கம்ப்ரஷன் கசியும், நீங்கள் சொன்ன ஐடிலிங் தொல்லை அதுதான். அதைவிடப் பெரிய ஆபத்து, வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியைச் சீட்டில் உட்காரும் அந்த நேரத்தில்தான் இறக்கிவைக்கிறது. உட்கார விடாவிட்டால் கருகும். இப்படி ஊமையாக ஓடிய ஒரு எஞ்சினின் ஹெட்டைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். எக்ஸாஸ்ட் வால்வின் ஓரத்தில் நகம் வெட்டியெடுத்த மாதிரி ஒரு துண்டு காணோம், சீட்டும் போயிற்று. லேசாகத் தட்டிக்கொண்டு ஓடியிருந்தால் அந்தச் செலவு வந்திருக்காது.

இன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள். இரவு முழுக்க ஆறவிட்டு, கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஸ்குரூவை நகராமல் பிடிக்கும் லாக் நட்டை இறுக்கும்போது ஸ்குரூவும் கூடவே திரும்பும், அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு முறை அளக்க வேண்டும். கேஜ் லேசான பிடிப்போடு நகர வேண்டும். அடுத்த தடிமன் தகடு நுழையக் கூடாது.

பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் ‘டி’ குறியைச் சரியாகத்தான் வைத்தேன். ஆனாலும் இரண்டு வால்விலும் இடைவெளியே இல்லை.

‘டி’ குறி ஒவ்வொரு சுற்றிலும் வரும். நீங்கள் பிடித்தது எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிகிற இடம். அங்கே இரண்டு வால்வும் கொஞ்சம் திறந்திருக்கும். இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். வால்வை அழுத்தும் ராக்கர் இரண்டும் விரலுக்கு லேசாக ஆடினால் அதுதான் இடம். எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். ஸ்டார்ட் செய்ய எளிதாக எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே தூக்கிவிடும் ஆட்டோ டிகம்ப்ரஷன் உள்ள சில எஞ்சின்களில் பின்னோக்கிச் சுற்றினால் எக்ஸாஸ்ட் வால்வு தூக்கி நின்று தப்புக் கணக்கு காட்டும்.

கேஜில் அளவு சரி, சத்தம் மட்டும் போகவில்லை.

ராக்கர் வால்வைத் தொடும் முகத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். குழி தட்டுப்படும். கேஜ் தட்டையான தகடு, குழியின் இரு கரையிலும் படுத்துக்கொண்டு மேலே உள்ள இடைவெளியைத்தான் சொல்லும். குழியின் ஆழம் கணக்கில் வராது. ராக்கரை மாற்ற வேண்டும். சத்தம் போகட்டும் என்று இறுக்கினால் என்ன ஆகும் என்று மேலேயே எழுதிவிட்டேன்.

ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ள காரில் டேப்பட் அடிக்க எவ்வளவு நேரமாகும்?

அந்த லிஃப்டர் ஆயில் அழுத்தத்தில் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும், பெரும்பாலானவற்றில் அடிக்க ஒன்றுமே இல்லை. ஆயில் அளவையும் தரத்தையும் பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் சில நொடி தட்டி அடங்கினால் கவலை வேண்டாம்.

ஸ்குரூவுக்குப் பதிலாக இடைவெளியைச் சரிசெய்யப் போடும் தகடான ஷிம்மின் கணக்கு குழப்புகிறது.

பழைய ஷிம்மின் தடிமன், கூட்டல் அளந்த இடைவெளி, கழித்தல் வேண்டிய இடைவெளி. 2.50 ஷிம், அளந்தது 0.10, வேண்டியது 0.15 என்றால் 2.45 போடுங்கள்.

கேஸில் ஓடும் கார். 60,000 கிலோமீட்டர் ஆகியும் டேப்பட் சத்தமே இல்லை. திறந்து பார்க்கத்தான் வேண்டுமா?

சத்தமே இல்லை என்பதால்தான் பார்க்க வேண்டும். கேஸில் ஓடும்போது சீட் சீக்கிரம் தேயலாம். சீட் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் ஏறி, இடைவெளி தானாகவே குறையும். எக்ஸாஸ்ட் பக்கமிருந்து ஆரம்பியுங்கள். குளிர்ந்த எஞ்சினில்.