101 லூர் இருந்தும் ஒரு கொடுவா இல்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: ஐயா, நான் பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். கொடுவா மீன் பிடிக்க வேண்டும் என்ற ஆசையில், இணையத்தில் 'கடல் பாஸ் முழுத் தொகுப்பு' என்ற பெயரில் விற்ற, லூர் எனும் செயற்கை இரைகளாக 101 உருப்படிகள் கொண்ட ஒரு பெட்டியை 3,400 ரூபாய்க்கு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் உவரிக்கோ புன்னைக்காயலுக்கோ போய் வருகிறேன். ஆஸ்திரேலியக் காணொளிகளைப் பார்த்து நேரம் கணக்கிடுகிறேன், பிரெய்டு எனும் பின்னல் நூலை நேராக லூரில் கட்டுகிறேன். ஐந்து மாதத்தில் இரண்டு சிறு பாரை மீன் மட்டுமே கிடைத்தது. பெட்டியின் படத்தை அனுப்பியிருக்கிறேன், இறக்குமதி செய்தவர் பெயரோ விலையோ அதில் இல்லை. தூண்டில் சாமான் தருவித்துக் கொடுக்கும் ஒருவர், "இந்தப் பெட்டியே தப்பு. ஜப்பான் லூர் ஆறு வாங்குங்கள், ஒன்று 2,200 ரூபாய். கரையில் தூண்டில் போட அனுமதி அட்டையும் நானே எடுத்துத் தருகிறேன்" என்கிறார். எந்த லூர் வாங்கினால் கொடுவா கடிக்கும்?

பதில்: தம்பி, முதல் வேலையாக அந்த மனிதரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். லூர் பற்றிப் பிறகு பேசுவோம்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டி தப்பு என்று அவர் சொன்னது உண்மைதான். ஆனால் ஏன் தப்பு என்று அவர் சொல்லவில்லை. பெட்டியில் பாதிக்கு மேல் சுருள் வால் ரப்பர் புழுக்கள். மீதியில் கம்பி வளைத்துத் தகடு சுழலும் சிறு லூர்கள், தவளை பொம்மை, முடியைப் போல் மெலிந்த தூண்டில் முட்கள். இவை அமெரிக்க ஏரிகளில் நன்னீரில் வாழும் பெருவாய் பாஸ் மீனுக்காகச் செய்யப்பட்டவை. ஐரோப்பியக் கடலோரத்தில் இருக்கும் பாஸ் வேறொரு மீன். நம் கொடுவா மூன்றாவது. வங்காளத்தில் பெட்கி என்றும் ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்றும் சொல்வது இதைத்தான். ஆங்கிலத்தில் இதையும் பாஸ் என்பார்கள். பெயர் ஒன்று போல ஒலிப்பதால், ஏரிச் சரக்கின் மேல் 'கடல்' என்ற ஒரு சொல்லை ஒட்டி விற்றுவிடுகிறார்கள். இந்தப் பெயர் ஏமாற்றில் பணத்தை இழந்தவர்களை நான் ஆண்டு முழுவதும் சந்திக்கிறேன். படிக்கிற பிள்ளைகள் கைச்செலவுக் காசைச் சேர்த்து வாங்கி ஏமாறும்போது எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

அந்த முட்கள் கடல் நீரில் நான்கு வாரம்கூடத் தாங்காது. துருப்பிடிப்பதற்கு முன்பே கொடுவா அவற்றை நிமிர்த்திவிடும். எனக்கே நடந்தது. உவரியில், கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய தூண்டில் வளைவின் தெற்கு ஓரம், விடிவதற்குச் சற்று முன். லூர் கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது கையில் ஓர் இடி இறங்கியது. மீன் இரண்டு முறை தலையை உதறியது, அவ்வளவுதான். சுற்றி எடுத்துப் பார்த்தேன். லூர் முழுசாக இருந்தது, முள்ளை மட்டும் காணவில்லை. முள்ளை உடலோடு இணைக்கும் சின்ன வளையம், காதில் போடும் வாளியின் கொக்கி திறந்து தொங்குவது போல நீண்டு கிடந்தது. நூலும் ராடும் ரீலும் தாங்கின. ஐந்து ரூபாய் வளையம் தாங்கவில்லை. அன்றிலிருந்து, எந்த லூர் வாங்கினாலும் வளையத்தையும் முள்ளையும் கழற்றி எறிந்துவிட்டு, உப்புநீருக்கென்று விற்கும் தடித்தவற்றை மாட்டிய பிறகுதான் கடலில் போடுகிறேன். உங்கள் பணம் முதலில் போக வேண்டிய இடம் இதுதான்.

இனி லூர். உங்களுக்கு மூன்று போதும். முதலாவது, மிதக்கும் மினோ, அதாவது சிறு மீன் வடிவ லூர். 9 முதல் 12 சென்டிமீட்டர் நீளம், மூக்கில் சின்ன உதடு, இழுத்தால் ஒரு மீட்டருக்கு மேல் முங்காதது. இரண்டாவது, துடுப்பு வால் கொண்ட ரப்பர் மீன், நாலு அங்குலம். அதை 10 முதல் 20 கிராம் வரை ஈயத் தலை வைத்த முள்ளில் குத்திக்கொள்ளுங்கள். மூன்றாவது, காற்றை எதிர்த்து வீச 25 கிராம் அளவில் ஓர் உலோக ஸ்பூன். பாரை கிடைப்பது பெரும்பாலும் இந்த ஸ்பூனில்தான். கொடுவாவுக்கு முதல் இரண்டும். தலையைத் தண்ணீருக்கு வெளியே வைத்துத் துப்பும் பாப்பரை இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

அளவை ஏன் இவ்வளவு குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், நம் உப்பங்கழிகளிலும் கல்லோரங்களிலும் கொடுவா தின்பது மடவைக் குஞ்சையும் இறாலையும். விரல் நீளம், உள்ளங்கை நீளம். உங்கள் லூர் அந்த அளவில், அந்த ஆழத்தில் போனால் போதும். அது எந்த நாட்டில் செய்தது என்று மீனுக்குத் தெரியாது.

அடுத்தது இழுக்கும் விதம். ஐந்து மாதம் கொடுவா இல்லாமல் திரும்பியதற்கு இதுவும் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பாரையைத் துரத்தும் வேகத்தில் சுற்றினால் கொடுவா பின்னால் வராது. அது ஓடிப் பிடிக்கும் மீன் இல்லை. கல் நிழலிலோ நீரோட்டம் உடையும் இடத்திலோ அசையாமல் நின்று, இரை பக்கத்தில் வந்ததும் வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். ஆகவே ரீலை இரண்டு சுற்று, பிறகு நிறுத்தம். மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். மறுபடி இரண்டு சுற்று. கடி பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் விழும். ரப்பர் மீனாக இருந்தால் தரையைத் தொடவிட்டு, ராடு நுனியை ஒரு சாண் தூக்கி, மீண்டும் இறங்கவிடுங்கள்.

வீசும் திசையும் முக்கியம். கடற்கரையில் நின்று நேரே ஆழ்கடலைப் பார்த்து வீசுகிறவர்களே அதிகம். மீன் உங்கள் காலடிக்குப் பக்கத்தில் கல்லோரத்தில் நிற்கும்போது 70 மீட்டர் வீசி என்ன பயன்? தூண்டில் வளைவில் நின்றால் கல் வரிசைக்கு இணையாக வீசுங்கள். புன்னைக்காயல் முகத்துவாரத்தில் நின்றால் நீர் ஓடும் திசைக்குக் குறுக்கே வீசி, ஓட்டமே லூரைச் சுமந்து போகட்டும் என்று விடுங்கள்.

ஓட்டம் இருக்கிற நாளாகவும் பார்த்துப் போக வேண்டும். ஆஸ்திரேலியக் காணொளிகளைப் பார்த்து நீர் வற்றும் நேரம், ஏறும் நேரம் என்று கணக்குப் போடுகிறீர்கள். அந்த நாட்டின் வடமேற்குக் கரையில் ஓதம், அதாவது நீர் ஏறி இறங்கும் உயரம், 10 மீட்டரைத் தாண்டும் இடங்கள் உண்டு. நம் கரையில் அது ஒரு மீட்டரைக்கூடத் தொடுவதில்லை. அதனால் இங்கே நீவாடு, அதாவது நீரோட்டம், எப்போது வலுக்கும் என்பதுதான் கேள்வி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய மூன்று நான்கு நாள்கள் நல்லவை. அட்டமி, நவமியில் நீர் செத்துக் கிடக்கும். உங்களுக்கு ஞாயிறு மட்டுமே விடுமுறை என்பது புரிகிறது. ஆனாலும் நாட்காட்டியைப் பார்த்து மாதத்தில் இரண்டு ஞாயிறுகளைத் தேர்ந்தெடுத்து, விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கரையில் இருங்கள். வெயில் ஏறி ஒன்பது மணிக்குப் போய் நிற்பதைவிட, வீட்டில் முட்களைத் தீட்டிக்கொண்டிருப்பது மேல்.

நிறத்தைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை. ஆனால் உங்கள் பெட்டியில் 14 நிறங்கள் இருப்பதால் சொல்கிறேன்: தெளிந்த நீரில் நிறத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். வெள்ளி, வெள்ளை, மடவையின் சாம்பல், எதுவானாலும் சரி. இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு கலக்கல் நீர். நம் ஊர்க்காரர் அதைத்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் சற்று நிதானமாகவே சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து, தாமிரபரணியின் கடைசி அணையான திருவைகுண்டத்தைத் தாண்டி வெள்ளம் போனால், புன்னைக்காயலில் கடல் செம்மண் நிறமாகிவிடும். அப்போது 'மீன் இல்லை' என்று எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். மீன் அங்கேயேதான் இருக்கிறது. ஆற்றிலிருந்து அடித்து வரப்படும் குஞ்சு மீன்களையும் இறாலையும் தேடி முகத்துவாரத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. லூரைக் காண முடியாததுதான் அதன் சிக்கல். வெள்ளி நிறம் கலங்கிய நீரில் கரைந்துவிடும். இருட்டு உருவம்தான் தெரியும். ஆகவே கறுப்பு, கரும்பழுப்பு, அடர் ஊதா, இந்த மூன்றில் ஒன்றைக் கட்டுங்கள். உள்ளே குண்டுமணி போல உருளை போட்டுக் கலகலக்கும் மினோ கிடைத்தால் இன்னும் நல்லது. கண்ணுக்குத் தெரியாததை மீன் உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்வுக் கோட்டால் உணரும். வழக்கமான வேகத்தில் பாதியாகச் சுற்றுங்கள். இன்னொன்று, செந்நீரின் நடுவில் வீசாதீர்கள். செந்நீரும் நீல நீரும் சந்திக்கும் இடத்தில் நுரையும் குப்பையும் மிதந்து ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டை ஒட்டி, கலங்கல் பக்கத்தில் வீசுங்கள். கார்த்திகையில் ஒரு முறை, மேல் எல்லாம் தேங்காய் மட்டையும் ஆகாயத்தாமரையுமாக மிதந்த கோட்டின் ஓரத்தில், கறுப்பு ரப்பர் மீனில் ஒரே காலையில் மூன்று கொடுவா எடுத்திருக்கிறேன். பக்கத்தில் நின்றவர் வெள்ளி லூரை மாற்ற மனமில்லாமல் வெறுங்கையோடு போனார். வெள்ளம் கரையை அரிக்கும் அளவுக்கு வந்தால் மட்டும் போகவே கூடாது.

இப்போது அந்த அனுமதி அட்டைக்கு வருகிறேன். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் மீன்பிடிக் கலங்களை மையமாக வைத்து எழுதப்பட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் நடைமுறையில் இருக்கும் 61 நாள் தடையும் விசைப்படகுகளுக்கானது. கரையில் நின்று ராடு பிடிப்பவனை நினைத்து யாரும் தெளிவாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. இதை எழுத்தில் வாங்க நானே ஓர் அலுவலகத்துக்கு நடந்தேன். ஒரு மேசை அடுத்த மேசையைக் காட்டியது, அது மூன்றாவது மேசையைக் காட்டியது, அங்கிருந்தவர் விடுப்பில் இருந்தார். மூன்று முறை போனேன், பதில் வரவில்லை. அரசு ஒரு தாளில் நாலு வரி எழுதி ஒட்டினால் தீர்ந்துபோகும் விஷயம். எழுதாமல் விட்ட அந்த இடத்தில்தான் இப்படிப்பட்ட ஆட்கள் அட்டை அச்சடித்துப் பிழைக்கிறார்கள். அரசு ரசீது இல்லாத எந்த அட்டைக்கும் பணம் கட்டாதீர்கள். ஊருக்குள் போனால் கடற்கரையில் இருக்கும் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு நில்லுங்கள். அதுதான் உண்மையான அனுமதி. கரைவலை இழுக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் வீசவே வீசாதீர்கள். கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டிய பகுதிக்கு ராடோடு போக வேண்டாம்.

அவர் சொல்லும் ஜப்பான் லூர் உண்மையானதாக இருந்தால் நல்ல பொருள்தான். ஆனால் உறையை வாங்கிப் படியுங்கள். இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச சில்லறை விலை, இவை உறையில் இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள். வெறும் பிளாஸ்டிக் பையில் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டித் தந்தால் அது போலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் 101 உருப்படிப் பெட்டியிலும் இவை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பெட்டியின் படத்தையும் விற்றவரின் விளம்பரப் படத்தையும் வைத்துக்கொண்டு அழைத்துப் பதிவு செய்யுங்கள். ஒரே அழைப்பில் முடியாது. பதிவு எண்ணைக் குறித்து வைத்து மறுபடி மறுபடி கேளுங்கள்.

கற்களின் மேல் நிற்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். காற்றே இல்லாத நாளில் திடீரென்று எழுந்து வரும் அலையைக் கள்ளக்கடல் என்கிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் அதற்கு முன்னெச்சரிக்கை விடுகிறது. அது மீனவ ஊர்களில் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படுகிறது. பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் உங்களுக்கு யார் சொல்வார்கள்? கிளம்பும் முன் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பாசி பிடித்த கல்லில் கால் வைக்கவே வேண்டாம்.

கடைசியாக நூல். நீங்கள் பிரெய்டு நூலை நேராக லூரில் கட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். கொடுவாவின் செவுள் மூடியின் ஓரம் கத்தி போன்றது. தலையை உதறும்போது அதில் உரசினால் பிரெய்டு நொடியில் அறுந்துபோகும். 40 பவுண்டு தாங்கும் தங்கூசியில், அதாவது ஒற்றை நைலான் நூலில், ஒரு பாகம் (இரு கைகளையும் விரித்த நீளம்) வெட்டி, நடுவில் இணைத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் அதை விரல் நடுவில் வைத்து உருவிப் பாருங்கள், சொரசொரப்பு தட்டினால் அந்த அளவுக்கு வெட்டிவிடுங்கள். மீன் கைக்கு வந்ததும் செவுளுக்குள் விரல் விடாதீர்கள். ஈரத் துணியால் கீழ்த்தாடையைப் பிடியுங்கள், வயிற்றை இன்னொரு கையால் தாங்குங்கள். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். அதனால் ஐந்தாறு கிலோவுக்கு மேல் வருவது பெரும்பாலும் சினை சுமக்கும் பெண். அப்படி ஒன்று வந்தால் ஒரு படம் எடுத்துக்கொண்டு, தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதுவாக வாலை அடிக்கும் வரை காத்திருந்து விடுங்கள். குழம்புக்கு இரண்டு கிலோ மீன் போதும்.