கணவன் மனைவி விசா: பாளையங்கோட்டை அண்ணாச்சியின் பதில்கள்

திருமணப் பதிவு, குடும்ப விசா ஆகியவை பற்றி நெல்லைச் சீமையிலிருந்து வந்த கேள்விகளுக்கு, பதிவுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவரும் இப்போது பாளையங்கோட்டையில் ஆவண ஆலோசனை சொல்பவருமான அண்ணாச்சி அளித்த பதில்கள்.

ராதாபுரம்: கூடங்குளத்தில் ஒப்பந்தப் பணியில் இருக்கிறேன். அங்கே மொழிபெயர்ப்பாளராக உள்ள ரஷ்யப் பெண்ணைத் தை மாதம் மணக்க இருக்கிறேன். கோயிலில் தாலி கட்டினால் போதுமா? அவர் தொடர்ந்து இங்கே தங்க முடியுமா?

தம்பி, இந்துத் திருமணச் சட்டம் மணமக்கள் இருவரும் இந்துக்களாக இருந்தால் மட்டுமே பொருந்தும். ஆகவே கோயில் ரசீதும் தாலி கட்டும் படமும் உங்களுக்கு மகிழ்ச்சி தரலாமேயன்றிப் பதிவாளரிடம் உதவமாட்டா. உங்களுக்கு உரியது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது அறிவிப்புக் கொடுப்பதற்கு முன் 30 நாள்களேனும் அந்த மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்பு ஒட்டப்பட்டு 30 நாள்கள் கழிந்து, தடை எதுவும் எழாவிட்டால், மூன்று சாட்சிகள் முன்னிலையில் திருமணம் நடைபெறும். அறிவிப்புக் கொடுத்து மூன்று மாதம் கடந்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தையில் திருமணம் என்றால் கார்த்திகை முடிவதற்குள் அறிவிப்பைக் கொடுத்துவிடுங்கள். அவர் மணமாகாதவர் என்பதற்கு அவருடைய நாட்டின் சான்று கேட்கப்படும். முன்பு மணமுறிவு பெற்றவர் என்றால், அந்தத் தீர்ப்பு அப்போஸ்டில் முத்திரையோடும் (ஒரு நாட்டின் ஆவணம் உண்மையானது என்று பிற நாடுகள் ஏற்பதற்கான சான்று முத்திரை) மொழிபெயர்ப்போடும் இருக்க வேண்டும்.

அடுத்தது விசா. அவரிடம் இருப்பது வேலை விசா. அது வேலையோடு முடிந்துவிடும். திருமணம் பதிவானபின், இந்தியரின் மனைவிக்குரிய எக்ஸ்-2 விசாவாக அதை மாற்றித் தருமாறு வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்ஆர்ஆர்ஓ இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இருவரும் சேர்ந்து வாழ்கிறீர்களா என்று உள்ளூர்க் காவல்துறை அறிக்கை தர வேண்டியிருப்பதால், விசாரிக்க வருகிற காவலர் உங்களைக் கேட்பதோடு நிற்காமல் எதிர்வீட்டு ஆச்சியையும் கேட்பார். நீங்கள் ராதாபுரத்திலும் அவர் குடியிருப்பு வளாகத்திலுமாக இருந்துகொண்டு ஒரே முகவரியை எழுதிக் கொடுத்தால், அந்த அறிக்கையிலேயே விண்ணப்பம் நின்றுவிடும். மாற்றியபின் வேலையைத் தொடர்வதற்குத் தனி அனுமதி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பதிவு பெற்ற திருமணம் இரண்டாண்டு தொடர்ந்து நீடித்திருந்தால் ஓசிஐ எனும் வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பலர் எண்ணுவதுபோல் அது இரட்டைக் குடியுரிமை அன்று. அட்டை பெற்றவருக்கு வாக்குரிமை கிடையாது, விளைநிலம் வாங்கும் உரிமையும் கிடையாது. ஆகையால் வாழைத்தோட்டத்தை அவர் பெயரில் கிரயம் செய்யும் திட்டம் இருந்தால் கைவிடுங்கள். மணமுறிவு ஏற்பட்டால் அட்டையும் ரத்தாகும். குடியுரிமை வேண்டுமென்றால் விண்ணப்பத்துக்கு முன் ஏழாண்டுகள் இந்தியாவில் வசித்திருக்க வேண்டும்.

மேலப்பாளையம்: கணவர் துபாயில் இருக்கிறார். ஜமாஅத் கொடுத்த நிக்காஹ் சான்று இருக்கிறது. அது போதாதா, அண்ணாச்சி?

போதாதம்மா. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009, எல்லா மதத்தாருக்கும் பொது. திருமணமான 90 நாள்களுக்குள் சார்பதிவாளரிடம் பதிவு செய்துவிட வேண்டும். தேவாலயத்தில் மணம் முடித்தவர்களுக்கும் இதையே சொல்கிறேன். ஐக்கிய அரபு அமீரகம் அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேராத நாடு என்பதால், சான்று மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று படிப்படியாகச் சான்றொப்பம் பெற வேண்டும். உங்கள் கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், பயணச்சீட்டு எடுக்கும் முன் அதைச் சரி செய்துகொள்ளுங்கள்.

நாங்குநேரி: மாப்பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறார். பெண்ணுக்கு விசா வர எத்தனை மாதம் ஆகும்?

"அமெரிக்காவில் இருக்கிறார்" என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பத்துப் பொருத்தமும் பார்க்கிறவர்கள் மாப்பிள்ளை எந்த விசாவில் இருக்கிறார் என்று கேட்பதில்லை. அவர் அந்நாட்டுக் குடிமகன் என்றால் மனைவிக்கான விசாக்களுக்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பு கிடையாது. கணவர் போடும் ஐ-130 மனு, மனைவி நிரப்பும் டிஎஸ்-260 விசாப் படிவம், கணவர் தரும் ஐ-864 பொருளாதார உறுதிமொழி, மருத்துவப் பரிசோதனை, நேர்காணல் என்று வரிசையாக நடக்கும். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் என்றால் மனைவி எஃப்2ஏ என்ற குடும்பப் பிரிவில் அந்த வரம்புக்கு உட்பட்டுக் காத்திருக்க வேண்டும். மாதந்தோறும் வெளியாகும் விசா அறிக்கையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவரிடம் இருப்பது எச்-1பி வேலை விசா என்றால் மனைவிக்கு எச்-4 விசா. அது வேறு வழி. முதலில் மாப்பிள்ளையிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

அம்பாசமுத்திரம்: என் மகளுக்கு ஆவணியில் நிச்சயதார்த்தம், தையில் கல்யாணம். மாப்பிள்ளை லண்டனில் குடியுரிமை பெற்றவர். நிச்சயம் முடிந்த மறுநாளே ரிஜிஸ்டர் செய்துவிட்டால் விசா வேலையைத் தொடங்கிவிடலாம், தாலியைத் தையில் கட்டிக்கொள்ளலாம் என்று சம்பந்தி வீட்டில் சொல்கிறார்கள். செய்யலாமா, அண்ணாச்சி?

அம்மா, அவர்கள் சொல்லும் முறையில் செய்யக் கூடாது. இந்துத் திருமணச் சட்டத்தில் பதிவு என்பது நடந்து முடிந்த திருமணத்தைப் பதிவது. பதிவதால் திருமணம் உண்டாகிவிடாது. நடக்காத திருமணத்தை நடந்ததாக எழுதி மகளைக் கையெழுத்திட வைத்தால், சான்றில் ஆவணித் தேதியும் அழைப்பிதழில் தைத் தேதியும் இருக்கும். விசா அதிகாரி உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர் அல்லர். தாளில் உள்ளதைத்தான் அவர் நம்ப முடியும். 2024 ஏப்ரலில் நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, அகஸ்டின் ஜார்ஜ் மாசி ஆகியோரின் உச்ச நீதிமன்ற அமர்வு, சடங்கு நடக்காமல் பெற்ற பதிவுச் சான்றால் இந்துத் திருமணம் செல்லுபடியாகாது என்று தீர்ப்பளித்தது. வெளிநாட்டு விசாவுக்காக இப்படி முன்கூட்டிப் பதியும் பழக்கத்தையும் அத்தீர்ப்பு கண்டித்துக் குறிப்பிட்டது.

கல்லிடைக்குறிச்சி: அண்ணாச்சி வீணாகப் பயமுறுத்துகிறார். எங்கள் வீட்டில் இரண்டு பெண்களுக்கும் அப்படித்தான் செய்தோம். இருவரும் நன்றாக இருக்கிறார்கள்.

நன்றாக இருக்கட்டும். ஆனால் ஆவணிக்கும் தைக்கும் இடையில் சம்பந்தம் முறிந்துபோன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் தாலி கட்டாதவள், ஆனால் பதிவேட்டில் மனைவி. அந்தச் சான்றை நீக்க அவள் நீதிமன்றப் படி ஏற வேண்டும். விவாகரத்து என்று போனால், மணமான ஓராண்டுக்குள் சிறப்பு அனுமதியின்றி மனுவே போட முடியாது. அடுத்த வரன் வரும்போது இதை யார் எடுத்துச் சொல்வது?

வீரவநல்லூர்: அப்படியானால் சிறப்புத் திருமணச் சட்டத்தில் ஆவணியிலேயே முறையாக மணந்துகொள்ளலாமே? ஆனால் அதில் மணந்தால் பெண்ணுக்குக் குடும்பச் சொத்தில் உரிமை போய்விடும் என்கிறார்களே?

முதல் பாதி சரி. அந்தச் சட்டத்தில் அதிகாரி முன் நடப்பதே திருமணம், தேதியில் பொய் இராது. இரண்டாம் பாதி, திண்ணையில் கேட்ட சட்டம். இருவரும் இந்துக்கள் என்றால் 21ஏ பிரிவின்படி அந்தப் பாதிப்பு கிடையாது. வழக்கமான இந்து வாரிசுரிமையே தொடரும்.

சங்கரன்கோவில்: நான் வழக்கறிஞர். 30 நாள் அறிவிப்பெல்லாம் எதற்கு? இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று 1967இல் சேர்த்த 7ஏ பிரிவு இருக்கிறதே. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகச் சொல்லி மாலை மாற்றினாலே அது சட்டப்படி திருமணம்.

வக்கீல் ஐயா சொல்வது முற்றிலும் சரி, இவ்விடத்துக்கு அதுவே எளிய வழி. மாலை மாற்றுவது, மோதிரம் அணிவிப்பது, தாலி கட்டுவது ஆகியவற்றில் ஒன்று போதும் என்பதால், தாலியைத் தைக்கு வைத்துக்கொண்டு ஆவணியில் மாலை மாற்றிப் பதியலாம். நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: அன்றே உண்மையில் திருமணம் ஆகிவிட்டது என்று இரு வீட்டாரும் மனமாற ஒப்புக்கொள்ள வேண்டும். விசாவுக்கு மட்டும் மனைவி, வீட்டுக்கு இன்னும் கன்னிப்பெண் என்று இரட்டைக் கணக்கு வைப்பவர்களுக்கு 7ஏ பிரிவும் உதவாது.

அம்பாசமுத்திரம்: ஊரார் இரண்டு கல்யாணம் என்று பேசமாட்டார்களா?

பேசுவார்கள், அம்மா. தைக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதைவிட முக்கியமானவற்றைக் கவனியுங்கள். மாப்பிள்ளையின் ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு இருக்கிறதா என்று பாருங்கள். 2024 ஏப்ரல் 11 முதல் அதுவே வரம்பு, அதற்கு முன் 18,600 இருந்தது. மகளுக்கு ஏ1 என்னும் தொடக்க நிலை ஆங்கிலச் சான்றும், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் எடுத்த காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வேண்டும்.

திசையன்விளை: மாப்பிள்ளைக்குக் கிரீன் கார்டு. எத்தனை நாளாகும்?

நாங்குநேரிக்காரருக்குச் சொன்னதைப் படிக்கவும்.

சேரன்மகாதேவி: ஆதாரில் முன்னெழுத்து மட்டும் இருக்கிறது. கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கிறது. பட்டச் சான்றில் முன்னெழுத்து பின்னால் வருகிறது. திருமணச் சான்றில் எதைப் போடுவது?

கடவுச்சீட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல். நம் பக்கத்துக் கோப்புகள் தாமதப்படுவது பெரும்பாலும் இதனால்தான். பதிவு அலுவலகத்தில் சான்றை அச்சிடும் முன் வரைவைக் காட்டும்போது, மாப்பிள்ளை கைப்பேசியில் பேசிக்கொண்டும் பெண் புடவையைச் சரிசெய்துகொண்டும் இருப்பார்கள். அந்த நேரத்தில் கடவுச்சீட்டைப் பக்கத்தில் விரித்து வைத்து எழுத்துக்கூட்டிப் பாருங்கள். மணமானதும் கணவர் பெயரைக் கடவுச்சீட்டில் சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. சேர்க்க விரும்பினால் விசா விண்ணப்பத்துக்கு முன்பே திருநெல்வேலி சேவை மையத்தில் முடித்துவிடுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

களக்காடு: ஏஜென்ட் ஒருவர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார். நாங்கள் சேர்ந்து எடுத்த படங்கள் குறைவு என்பதால் நான்கு ஊர்களில் உடை மாற்றி எடுத்துவிடலாம் என்கிறார்.

கையெழுத்துப் போடாதீர்கள், கடவுச்சீட்டையும் அவரிடம் விட்டுவைக்காதீர்கள். பொய் வெளிப்பட்டால் பிரிட்டன் பத்தாண்டு தடை விதிக்கலாம். அமெரிக்கத் தடைக்குக் கால வரம்பே இல்லை. ஏஜென்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. குறைவான படங்கள் இருந்தால் குறைவாகவே கொடுங்கள். பேசிய அழைப்புப் பதிவுகள், பணம் அனுப்பிய வங்கி விவரம், அவர் ஊருக்கு வந்துபோன பயணச்சீட்டு ஆகியவை ஆயிரம் படங்களைவிட நன்றாகப் பேசும்.

தென்காசி: ஆஸ்திரேலியாவில் உள்ளவரின் துணைவருக்கான 309 விசா பற்றி?

என் துறை அன்று. அந்நாட்டில் பதிவு பெற்ற குடியேற்ற ஆலோசகரைக் கேளுங்கள்.

மானூர்: இலங்கை அகதி முகாமில் பிறந்த பெண்ணை மணந்திருக்கிறேன். எந்த விசா?

தம்பி, இது விசாப் படிவத்தால் தீரும் விஷயம் அன்று. குடியுரிமைச் சட்டம் குறுக்கே நிற்கிறது. திருமணத்தை மட்டும் உடனே பதிவு செய்துகொண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கேளுங்கள். இடைத்தரகர்களை நம்ப வேண்டாம்.

வள்ளியூர்: எத்தனை மாதம் ஆகும் என்று தோராயமாகவாவது சொல்லக் கூடாதா?

கூடாது.

அம்பாசமுத்திரம்: வீட்டில் பேசிவிட்டோம். ஆவணியில் மாலை மாற்றுவதற்குச் சம்மதம். சாட்சிக் கையெழுத்தைத் தாய்மாமா போடலாமா?

தாராளமாகப் போடலாம், அடையாள அட்டையோடு வரச் சொல்லுங்கள். மாலை மாற்றும்போது இரு வீட்டுப் பெரியவர்களும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். திருமணத் தேதி என்று எந்தப் படிவத்தில் கேட்டாலும் மாலை மாற்றிய தேதியையே எழுத வேண்டும். தையில் நடந்தது குடும்பச் சடங்கு என்று விண்ணப்பத்தோடு ஒரு பக்க விளக்கக் கடிதம் வைத்து, இரண்டு அழைப்பிதழ்களையும் மறைக்காமல் இணைத்துவிடுங்கள்.