எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் சுட்ட கோழியில் காரம் உள்ளே ஏறுவதில்லையே, ஏன்? டோஃபுவுக்கும் அதே மசாலா சரிப்படுமா?

ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன் என்கிறீர்கள். வீணில்லை, ஆனால் அத்தனை நேரத்தில் ஆழமாக இறங்கியது உப்பு மட்டும்தான். மிளகாயும் பூண்டும் மஞ்சளும் மேலே சில மில்லிமீட்டரோடு நின்றுவிடும். மிளகாயின் உறைப்பு எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. கறியோ முக்கால் பங்கு தண்ணீர்.

நாங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம்தான், வீட்டுப் பேச்சு தமிழ். தோப்பில் கோழி சுடுவதென்றால் எங்களுக்குக் காந்தாரி மிளகாய் வேண்டும். வானம் பார்த்துக் காய்க்கும். சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது, காரம் அப்படி.

எங்கள் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, செய்த முறை இது. ஒரு கிலோ தொடைக்கறியை எலும்புவரை கீறி, 15 கிராம் உப்பும் கொஞ்சம் மஞ்சளும் மட்டும் தடவி மூன்று மணி நேரம் வைப்பார். நீங்கள் ஃபிரிட்ஜில் வையுங்கள். காந்தாரி 25, சின்ன வெங்காயம் 10, பூண்டு 8 பல், விரல் நீள இஞ்சி, ஒரு டீஸ்பூன் மிளகு, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை. தண்ணீர் விடாமல் அம்மியில் கரகரப்பாக அரைக்க வேண்டும். பாதியைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். பச்சைக் கறியைத் தொட்ட கரண்டி அந்தப் பக்கமே போகக்கூடாது. மீதியைக் கறியில் பிசறி, அரை மணி நேரம் கழித்துக் கொட்டாங்குச்சிக் கங்கில் சுடுங்கள்.

சுட்டு எடுத்ததும் நாங்கள் கை நீட்டுவோம். "இன்னும் முடியலைடா, கைய எடு" என்று அம்மிச்சி அதட்டுவார். எடுத்து வைத்த பாதியில் சூடான தேங்காயெண்ணெய் மூன்று கரண்டி ஊற்றி, ஒரு எலுமிச்சை பிழிந்து, கறியை அந்தச் சூட்டோடே அதில் புரட்டுவார். காரம் நாக்கில் ஏறுவது அங்கேதான். கீறலுக்குள் வழிகிற எண்ணெய் அதைக் கொண்டுபோகும்.

தேங்காயெண்ணெயை முன்கூட்டியே கலந்து ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே உறைந்து கறிமேல் மெழுகுபோல ஒட்டும். சுடும்போது உருகிக் கங்கில் சொட்டினால் தீ எழும்பிக் கறி கருகும். எலுமிச்சையையும் ராத்திரி முழுக்க விடவேண்டாம், மேல்பாகம் சக்கை மாதிரி ஆகும். பப்பாளிக்காய் ஆட்டுக்கறிக்குச் சரி. கோழிக்குப் போட்டால் கூழ்.

அரைத்த கை எரிந்தால் வெறும் தண்ணீரில் கழுவிப் பயனில்லை. முதலில் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு சோப்பு. காந்தாரி கிடைக்காத ஊரென்றால் குண்டூர் மிளகாய் பத்தை வெந்நீரில் ஊறவைத்து அரையுங்கள். மணம் வேறு, ஆனால் நன்றாகவே இருக்கும்.

டோஃபு விஷயத்தில் கதை தலைகீழ். கெட்டி டோஃபுவை உறையவைத்து, இளகியதும் உள்ளங்கையால் அழுத்திப் பிழிந்தால் பஞ்சுபோல் ஓட்டை ஓட்டையாக இருக்கும். அரைத்த விழுதையும் உப்பையும் எண்ணெய் சேர்க்காமல் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். பத்தே நிமிடத்தில் காரமும் உப்பும் நடுவரைக்கும் குடித்துவிடும். எண்ணெய் சுடும்போது தடவினால் போதும். உப்பை மட்டும் பாதியாகக் குறையுங்கள். முதல் தடவை நான் குறைக்கவில்லை. தயிரில் பிசைந்துதான் தின்று தீர்த்தோம்.