மண்ணடியில் இறங்கி நடங்கள்

கேள்வி: பிள்ளைகளைச் சென்னைக்குக் கூட்டிப்போய்ப் பழைய பேட்டைகளைச் சுற்றிக்காட்டலாம் என்கிறார் எங்கள் பள்ளி ஆசிரியர். சென்னைக்கு என்ன பெரிய வரலாறு? வெள்ளைக்காரர்கள் கட்டிய நாலு சிவப்புக் கட்டடம்தானே? ராமேஸ்வரம் பிராகாரத்தை வைத்திருக்கும் நமக்கு இது தேவையா?
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: தேவை. ஆசிரியர் சொல்வதுதான் சரி.

முதலில் வயதுக் கணக்கைத் தீர்த்துவிடலாம். ராமேஸ்வரம் கோயில் பழையது, சரி. ஆனால் நீங்கள் சொல்லும் பிராகாரங்களில் பெரியதான மூன்றாம் பிராகாரம் 18ஆம் நூற்றாண்டில் சேதுபதிகள் முடித்த வேலை. சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் தேவாலயம் 1680இலேயே திறக்கப்பட்டுவிட்டது. குண்டு விழுந்தாலும் தாங்கவேண்டும் என்று அதன் கூரையைக் கனத்த செங்கல் வளைவாகக் கட்டினார்கள். வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன் அங்கே ஒன்றுமில்லை என்பதும் தவறு. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது.

இனி சிவப்புக் கட்டடம். நீங்கள் நினைப்பது உயர் நீதிமன்றம் என்றால், அது 1892இல் திறந்தது. அதன் உயரமான கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கப்பல்களுக்கு விளக்கு எரிந்தது. நீதிமன்றத்தின் உச்சியில் கலங்கரை விளக்கம்! கடல் தெரிந்த ஊர்ப் பிள்ளைகள் இதை நின்று பார்க்கவேண்டாமா? அப்புறம் அந்த வளாகம் நிற்கும் மண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் குடியிருந்த பகுதியான கறுப்பர் நகரம் முதலில் உருவானது அங்கேதான். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749இல் அது திரும்பக் கைக்கு வந்தபின், எதிரி ஒளிந்து வர இடம் இருக்கக்கூடாது, பீரங்கிக்கு வெட்டவெளி வேண்டும் என்று ஆங்கிலேயர்கள் அங்கிருந்த வீடுகளை அப்புறப்படுத்தினார்கள். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் 1757இல் போனது. மாற்று இடம் கொடுத்து, பூக்கடைப் பக்கம் பெருமாளுக்கும் சிவனுக்கும் அடுத்தடுத்து இரண்டு கோயில்களாக எழும்பியவை இன்றும் இருக்கின்றன. இதைத் தாண்டிக் கோட்டைப் பக்கம் கட்டக்கூடாது என்று நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனையில் மிஞ்சியிருக்கிறது. பக்கத்திலேயே பேருந்து ஏறி இறங்குகிறவர்களில் அதைக் கவனிக்கிறவர்கள் மிகக் குறைவு. அந்த ஒரு தூணைக் காட்டி ஏன் நட்டார்கள் என்று கேட்டால் போதும், பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் ஆங்கில பிரெஞ்சுச் சண்டை தெருவுக்கு இறங்கி வந்துவிடும்.

நம் பிள்ளைகளுக்கு மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு வசதியும் உண்டு. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், மணலை எப்படித் தள்ளும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்னையில் 19ஆம் நூற்றாண்டின் கடைசி வரை துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரமிடும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்ட பிறகு, வடக்கே போகவேண்டிய மணல் தெற்கே தங்கியது. மெரினா அகன்றது அப்படித்தான். வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. மெரினாவில் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பும் சுற்றுலாவில் இதை யார் சொல்கிறார்கள்?

ஒரே நாளில் கோட்டை, மயிலாப்பூர், சாந்தோம், வண்டலூர் என்று ஓடும் பயணத்தை மட்டும் ஏற்பாடு செய்யாதீர்கள். அதற்கு வீட்டிலேயே இருக்கலாம். ஒரு நாளுக்கு ஒரு பேட்டை. என்னைக் கேட்டால் மண்ணடி. கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து வியாபாரக் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கும் இடம். உங்களுக்கே அங்கே உறவினர் இருப்பார்கள். தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு என்று தெருப்பெயர்களைப் படித்துக்கொண்டே நடங்கள். ஆர்மேனியன் தெருவில் கச்சாலீஸ்வரர் கோயிலையும், 1772இல் கட்டிய ஆர்மேனியர் தேவாலயத்தையும் பாருங்கள். வியாபாரத்துக்கு வந்து தங்கியவர்களின் ஊர் எப்படி இருக்கும் என்று கீழக்கரைப் பிள்ளைக்கு விளங்காமல் வேறு யாருக்கு விளங்கும்?

நேரமிருந்தால் மெரினா சாலையில் விவேகானந்தர் இல்லம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டியது. 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் இறங்கி, பாஸ்கர சேதுபதியின் வரவேற்பைப் பெற்ற விவேகானந்தர், பிப்ரவரியில் வந்து தங்கியது இந்தக் கட்டடத்தில்தான். அண்ணா மேம்பாலத்தின் மேல் வண்டி போகும்போது, 1973இல் திறந்த இந்தப் பாலத்தைக் கட்டியது கீழக்கரைக்காரரான பி.எஸ்.அப்துர் ரகுமானின் நிறுவனம் என்று சொல்லுங்கள்.

ஒரு நிபந்தனை உண்டு. கிளம்புவதற்கு முந்தின வாரம் அதே பிள்ளைகளை உங்கள் ஊர்ப் பழைய ஜும்மா பள்ளிவாசலுக்கு அழைத்துப்போங்கள். கோயில் மண்டபம்போலச் செதுக்கிய அந்தக் கல்தூண்களை ஒவ்வொருவரும் ஒரு தாளில் வரையட்டும். அந்தத் தாள்களைச் சென்னைக்கும் எடுத்துப்போகச் சொல்லுங்கள். திருவல்லிக்கேணியில் 1795இல் கட்டிய வாலாஜா பள்ளிவாசல் முன்னால் நிறுத்தி, என்ன ஒன்று, என்ன வேறு என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் எழுதுவதை எங்களுக்கு அனுப்பிவையுங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.