ராக்கெட் தனியாருடையது, பணம்?

கேள்வி: நாசாவின் சரக்கும் ஆட்களும் பெரும்பாலும் தனியார் ராக்கெட்டில்தான் விண்வெளி நிலையத்துக்குப் போகிறார்கள். பிறகு நாசாவுக்கு எதற்கு அரசு நிதி?

பதில்: அந்த ராக்கெட்டுகள் வளர்ந்ததே அந்த நிதியில்தான். 2008-இல் 12 சரக்குப் பயணங்களுக்கு ஸ்பேஸ்எக்ஸுக்கு 160 கோடி டாலர், 8 பயணங்களுக்கு ஆர்பிட்டல் என்ற இன்னொரு நிறுவனத்துக்கு 190 கோடி டாலர் என்று நாசா ஒப்பந்தம் போட்டது. மாறியது பணம் கொடுக்கும் முறை. முன்பெல்லாம் ஆன செலவைக் கொடுத்து, அதன் மேல் லாபமும் கொடுப்பார்கள். வேலை இழுத்தால் அரசுக்குத்தான் செலவு. இப்போது விலையை முதலிலேயே பேசிவிடுகிறார்கள். கட்டம் கட்டமாக வேலை முடிந்தால்தான் தவணை. போயிங் செய்த ஸ்டார்லைனர் என்ற ஆள் ஏற்றும் கலம் தாமதமானபோது கூடுதல் செலவில் பெரும்பகுதி போயிங்கின் கணக்கில்தான் நஷ்டமாக ஏறியது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருந்தால்தான் இந்த முறை பலிக்கும். யாரும் செய்து பார்க்காத ஆய்வுக்கலத்துக்கு நிலையான விலை சொல்லச் சொன்னால், ஒன்று யாரும் வரமாட்டார்கள், அல்லது பயத்தையும் சேர்த்து விலை சொல்வார்கள்.

கேள்வி: ஒரே நிறுவனத்தை நம்பினால் ஆபத்தில்லையா?

பதில்: ஆபத்துதான். அக்டோபர் 2014-இல் ஆர்பிட்டலின் ஆண்டாரஸ் ராக்கெட், எஞ்சினின் ஆக்சிஜன் பம்பு வெடித்து விழுந்தது. ஏப்ரல் 2015-இல் ரஷ்யாவின் புரோகிரஸ் சரக்குக் கலம் கட்டுப்பாடிழந்தது. ஜூனில் ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட், அதன் மேல்நிலையின் (மேலடுக்கின்) தொட்டிக்குள் ஹீலியம் உருளையைத் தாங்கிய முட்டு முறிந்து சிதறியது. எட்டே மாதத்தில் மூன்று சரக்குக் கலங்கள் போயும் நிலையம் பட்டினி கிடக்கவில்லை. ஜப்பானின் கலம் உட்பட வேறு வழிகள் இருந்தன. ஆண்டாரஸ் சரியாகும்வரை அது ஏற்றிச் செல்லும் சிக்னஸ் சரக்குக் கலம் அட்லஸ் 5 என்ற வேறொரு ராக்கெட்டில் ஏறிப் போனது.

ஆனால் நிறுவனங்களின் பெயர்ப்பலகைகளை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம். 2024-இலிருந்து சிக்னஸும் ஃபால்கன் 9-இல்தான் போகிறது. அந்த ஜூலையில் மேல்நிலையில் ஆக்சிஜன் கசிந்து ஃபால்கன் 9 இரண்டு வாரம் நிறுத்தப்பட்டபோது, ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலம், சிக்னஸ் இரண்டின் வழியும் சேர்ந்தே அடைபட்டது.

கேள்வி: அப்படியானால் அரசு ராக்கெட் எஸ்.எல்.எஸ். தேவையா?

பதில்: நாசாவின் நிலவுத் திட்டமான ஆர்ட்டெமிஸின் முதல் நான்கு பயணங்களில் ஒவ்வொன்றுக்கும், எஸ்.எல்.எஸ். ஏற்றிச் செல்லும் ஓரியன் என்ற ஆள் ஏற்றும் கலத்தையும் சேர்த்து, 410 கோடி டாலர் ஆகும் என்பது நாசாவின் செலவுகளைத் தணிக்கை செய்யும் தலைமை ஆய்வாளர் போட்ட கணக்கு. இந்த விலைக்கு அதை ஆதரிப்பது கடினம். வியாழனின் நிலா யூரோப்பாவை ஆராயும் யூரோப்பா கிளிப்பர் கலத்தை எஸ்.எல்.எஸ்.ஸில்தான் ஏவ வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே போட்டிருந்தது, பிறகு தளர்த்தியது. 17.8 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஸ்பேஸ்எக்ஸின் பெரிய ராக்கெட் ஃபால்கன் ஹெவி அதை அக்டோபர் 2024-இல் ஏற்றிவிட்டது. எஸ்.எல்.எஸ். என்றால் மூன்றாண்டுக்குள் வியாழனுக்கு நேரே போயிருக்கலாம். இப்போது செவ்வாயையும் பூமியையும் சுற்றி வேகம் எடுத்து, 2030-இல்தான் போய்ச் சேரும்.